நரம்பைத் தொடாத வில்

தூய தெபொராள் பள்ளியின் ஆர்க்கெஸ்ட்ராவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எப்சிபா டீச்சர் முதல் நாளே விதிகளைச் சொல்லிவிடுவார். எழுதிக் கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒருமுறைதான் சொல்வார்.

"நேரத்துக்கு வரணும். நகம் வெட்டிட்டு வரணும். வீட்ல தினமும் வாசிக்கணும். பக்கத்துல இருக்கவங்க வாசிக்கதையும் காது குடுத்துக் கேக்கணும்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

"கடைசியா ஒண்ணு. தெரியாத இடம் வந்தா வில்லை மடியில வச்சுட்டு சும்மா இருங்க. வாசிக்க மாதிரி நடிக்காதீங்க. நீங்க விட்ட இடத்துல வேற யாராச்சும் வந்து உக்காந்துக்கிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் வகுப்பு கெசியா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்து முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, "வயலினை எடுங்க" என்றார்.

கெசியாவுக்கு இரண்டாம் வயலின் வரிசையில் சுவரோர நாற்காலி கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் எட்டாம் வகுப்பு செல்வின். இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே இசைத்தாள். செல்வின் நல்ல பையன். தப்பே வாசிக்காதவன் என்று பெயர் எடுத்தவன்.

கெசியா வீட்டில் வயலின் பெட்டியைத் திறக்கவே இல்லை. சோம்பல்தான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அம்மா, கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் மகள் வாசிக்கப் போகிறாள் என்று சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

ஒத்திகையில் கஷ்டமான வரி வந்தது. கெசியா திணறினாள். செல்வின் குனிந்து மெல்லச் சொன்னான்.

"கஷ்டமான இடத்துல வில்லை நரம்புல படாம ஒரு முடியளவு தூக்கிரு. கை மட்டும் போயிட்டு வரட்டும். யாருக்கும் தெரியாது. நானும் அப்படித்தான்."

"நீயுமா?"

"ஆமா. முதல்லதான் ஒரு மாதிரி இருக்கும்."

கெசியா வில்லைத் தூக்கினாள். வில் நரம்பைத் தொடாமல் காற்றில் போய் வந்தது.

அவள் வயலின் ஒலித்தது.

பக்கத்து வயலினாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் மோவாய்க்குக் கீழே மரம் அதிர்ந்துகொண்டிருந்தது. சுருதி சுத்தமாக இருந்தது. அவள் விரல் போகாத இடத்துக்கெல்லாம் ஒலி போனது.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. பிள்ளைதானே. கடன் வாங்கிய சைக்கிள் இறக்கத்தில் தானாக ஓடும்போது வருகிற சந்தோஷம் அது.

ஒத்திகை முடிந்ததும் எப்சிபா டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் வருவார். நரம்புகளுக்குக் கீழே வயலின் மரத்தில் ஒரு விரலை வைத்து இழுப்பார். வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் கட்டியின் வெள்ளைப் பொடி, வாசிக்க வாசிக்க அங்கேதான் உதிரும். டீச்சர் தன் விரலைப் பார்ப்பார், அடுத்த பிள்ளையிடம் போவார். அன்றைக்குக் கெசியாவின் வயலினில் விரலை இழுத்தார், பார்த்தார், போய்விட்டார்.

அதன் பிறகு அவள் கஷ்டமான வரிகளுக்கு மட்டும் வில்லைத் தூக்கவில்லை. சுலபமான வரிகளுக்கும் தூக்கினாள். மழைக்காலம் பிறந்தபோது வில் நரம்பைத் தொடுவதே நின்றுபோயிருந்தது. மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கெசியா எவ்வளவு தேறிவிட்டாள் என்று பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்தது. கெசியா ஆமென் சொல்வதே இல்லை, வாயை மட்டும் அசைப்பாள். அன்றும் அசைத்தாள். அவள் குரலில் ஆமென் கேட்டது. அம்மா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் வீட்டில் அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டார்.

"ஏட்டி கெசியா."

அவள் வாயைத் திறக்குமுன் பக்கத்து அறையிலிருந்து அவள் குரலிலேயே பதில் போனது.

"என்னம்மா?"

"துணியை எடுத்து உள்ள போடு, மழை வருது."

"சரிம்மா."

கெசியா கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கொடியிலிருந்து துணிகளை உருவும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். துணிகள் நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவள் ஒருநாளும் மடித்ததில்லை. அவ்வளவு அழகாக மடிக்க அவளுக்கு வராது.

"என் ராசாத்தி," என்றார் அம்மா, துணியைப் பார்த்து. அவளைப் பார்க்கவில்லை.

கெசியாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அம்மாவின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள். அம்மா ஈ உட்கார்ந்ததுபோல அந்த இடத்தை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் இசை அறைக்கு ஓடினாள். அது முன்பு சிற்றாலயமாக இருந்த கட்டடம். எப்சிபா டீச்சர் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்தார். சுற்றுமுற்றும் தேடி, கண்ணைச் சுருக்கி, பிறகுதான் அவளைக் கண்டார்.

"சொல்லு பிள்ள."

"என் வயலினை யாரு டீச்சர் வாசிக்கா?"

டீச்சர் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்தார். வயலினைச் சுவரோர நாற்காலியில் கிடத்தினார். வில்லை அதன்மேல் குறுக்காக வைத்தார். அவளை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

இருவரும் கதவருகே நின்றார்கள். தாழ்வாரத்தில் மழைச்சாரல் அடித்தது.

உள்ளே வயலின் வாசிக்க ஆரம்பித்தது. கீத ஆராதனைக்கான இரண்டாம் வயலின் பகுதி, முதலிலிருந்து.

"நல்லா இருக்கா?" என்றார் டீச்சர்.

"நல்லா இருக்கு டீச்சர்."

"உன்னைய விடவா?"

"என்னைய விட."

"அப்போ இருந்துட்டுப் போகட்டுமே."

கெசியா அழ ஆரம்பித்தாள். "வேண்டாம் டீச்சர். அம்மாவுக்கு என்னையத் தெரியமாட்டேங்கு."

"அப்போ உள்ள போ."

"பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

"ஒரு நாற்காலிக்கு ஒரு ஆளுதான்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"முதல் நாளே சொன்னேன். சிரிச்சீங்க."

கெசியா கதவைத் திறந்தாள். இசை நிற்கவில்லை. வில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நரம்புகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. வயலினை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

வில்லை நரம்பில் அழுத்தினாள். கரகரவென்று ஓர் ஒலி வந்தது. அதோடு ஒட்டியே அந்த மற்ற ஒலியும் வந்தது, சுத்தமாக, நிதானமாக. தன் ஒலி அவளுக்கே கேவலமாக இருந்தது. கை தானாக மேலே எழும்பியது.

"வில்லை எடுத்திராத," என்றார் டீச்சர் கதவருகிலிருந்து.

அவள் எடுக்கவில்லை. அழுதுகொண்டே இழுத்தாள். விரல் நுனி எரிந்தது. பக்கம் முடிகிறபோது மற்ற ஒலி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. போய்விடவில்லை. சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் எங்கோ நின்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் வாசித்தாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டார். "இவ்வளவு நாளும் நல்லாத்தானே வாசிச்ச?" என்று நேராக அவள் முகத்தைப் பார்த்துத் திட்டினார். கெசியாவுக்கு அந்தத் திட்டு இனித்தது.

கீத ஆராதனை நாள் வந்தது. கோயில் நிறைந்திருந்தது. முன் பெஞ்சில் அம்மா புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். பால்காரரும் வந்திருந்தார்.

அந்தப் பாட்டின் நடுவில் ஒரு வரி உண்டு. மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். இரண்டாம் வயலின்கள் மட்டும் தனியே ஏற வேண்டும். அந்த வரியை நெருங்கும்போது கெசியாவின் வலது கை லேசானது. யாரோ அன்பாக அவள் முழங்கையைத் தாங்கி மேலே தூக்குவதுபோல இருந்தது. தூக்கினால் போதும், சுத்தமாக வந்துவிடும். அம்மா சிரிப்பார்.

கெசியா பல்லைக் கடித்துக்கொண்டு வில்லை அழுத்தினாள்.

ஏறுகிற இடத்தில் ஒரு சுரம் பிசகியது. பிசகி, கோயில் கூரைவரை போய் முட்டித் திரும்பி வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலை குனிந்தார்.

கடைசி ஜெபத்துக்குக் கெசியா வாய்விட்டு ஆமென் சொன்னாள். அவள் குரலில் ஒரே ஓர் ஆமென்தான் கேட்டது.

ஆராதனை முடிந்து, பிள்ளைகள் வயலின்களைப் பக்கத்து அறை மேசையில் வைத்துவிட்டு கேக் வாங்க ஓடினார்கள். கெசியா மட்டும் நின்றாள்.

"தப்பா வாசிச்சிட்டேன் டீச்சர். எல்லாருக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"அம்மா தலை குனிஞ்சிட்டாங்க."

"குனிஞ்சாங்க. அப்புறம் நிமிர்ந்து உன்னையே பாத்துட்டு இருந்தாங்க. நீதான் பாக்கல."

எப்சிபா டீச்சர் அவள் வயலினில் விரலை இழுத்தார். விரல் நுனி வெள்ளையாக வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பொடியைத் துடைக்காமல் வைத்துக்கொண்டு, மறு கையின் விரலைப் பக்கத்திலிருந்த செல்வினின் வயலினில் இழுத்தார்.

மரம் பளபளவென்று இருந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

கெசியா வாசலைப் பார்த்தாள். செல்வின் கையில் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா அவன் தலையைத் தடவி எல்லோரிடமும் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அழகாகச் சிரித்தான். மடிப்புக் கலையாத சட்டை. கேக் தொடப்படாமல் அப்படியே இருந்தது.

"அப்போ செல்வின், டீச்சர்?"

டீச்சர் செல்வினின் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மெதுவாக மூடினார்.

"நானும் தினமும் இசை அறைக் கதவைத் திறந்து வச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். அவன் இன்னும் வந்து கேக்கல."