அரசர் வயிற்றில் ஒரு திருடன்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். வேளைக்கு ஒரு குண்டான் சோறு உள்ளே போகும். ஆனாலும் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் சபையில் திடீரென்று கேட்டார்: "யாம் உண்ணும் சோறு எங்கேதான் போகிறது?"

அமைச்சர் சபேசராயர் முந்திக்கொண்டார். "சமையலில் சத்து இல்லை, மகாராஜா. மடைப்பள்ளியில் சமைக்கும் மருதாயிதான் சத்தான பொருள்களைத் திருடுகிறாள்."

ராயருக்கு மருதாயிமேல் பகையில்லை. அவள் புருஷன், விகடகவி சடையாண்டிமேல்தான் வயிற்றெரிச்சல்.

அரசர் விகடகவியைப் பார்த்தார். "சடையாண்டி! திருடியது உன் மனைவி இல்லையென்றால், உண்மைத் திருடனை நாளைக்குள் சங்கிலியில் கட்டிக் கொண்டுவா. தவறினால் இருவரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

சடையாண்டி கலங்கிப்போய் வீடு திரும்பினான். மருதாயி அழுதுகொண்டே கத்தினாள்: "நான் என்னய்யா பண்ணுவேன்? அந்த மனுசன் மெல்லுறதே இல்ல. அப்பிடியே முழுங்குறாரு!"

அரண்மனை வழக்கம் அப்படி. அசைபோடுவது மாட்டின் வேலை, அரசர் பந்தியில் தாடையை அசைக்கக் கூடாது என்று ராயர்தான் ஓலையில் எழுதி வைத்திருந்தார். சடையாண்டியின் கண் மின்னியது.

மறுநாள் சபையில், தேங்காய்த் துண்டுகளைத் துணியில் முடிந்து ராயரிடம் நீட்டினான். "பால் பிழிந்து காட்டுங்கள், ஐயா."

ராயர் முறுக்கினார், நெரித்தார், வியர்த்தார். ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரவில்லை. "இந்தத் தேங்காயில் பாலே இல்லை!" என்று எரிந்து விழுந்தார்.

மருதாயி அதே துண்டுகளை வாங்கி அம்மியில் நைய அரைத்தாள். வெந்நீர் விட்டு, அதே துணியில் பிழிந்தாள். பால் கெட்டியாக வழிந்தது. சபையே எட்டிப் பார்த்தது.

சடையாண்டி விளக்கினான்: "மகாராஜா, வாயில் பல் அரைக்கிறது, எச்சில் குழைக்கிறது. வயிறு புளிப்பு நீர் விட்டுப் பிசைகிறது. பிறகு சுருண்டு கிடக்கும் குடல். அதன் சுவரும் இந்தத் துணி மாதிரிதான். கரைந்து சாறானதுதான் அதில் கசிந்து ரத்தத்தில் சேரும். முழுசாகப் போனது சரியாகக் கரையாமலே வெளியேறும்."

"அப்படியா!" அரசர் தம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சரி, திருடன் எங்கே?"

சடையாண்டி கைதட்டினான். இரண்டு காவலர்கள் கனத்த இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சங்கிலியின் நுனியில் ராயர் எழுதிய ஒற்றை ஓலை கட்டுண்டு கிடந்தது.

அரசர் அதை எடுத்துப் படித்தார். அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தார்.

"ராயரே, இன்று எம் பக்கத்தில் அமர்ந்து உண்ணும். கவளத்துக்கு முப்பது தடவை மெல்ல வேண்டும். எண்ணுவது சடையாண்டி."

பிறகு முத்துமாலையைக் கழற்றினார். சடையாண்டி பெருமையாகக் கழுத்தை நீட்டினான். அரசர் அவனைத் தாண்டிப் போய், மாலையை மருதாயியின் கையில் வைத்தார்.

"பால் பிழிந்தவள் இவளல்லவா!" என்று மறுபடியும் சிரித்தார்.