கார்புரேட்டர் மேஜை

கலாமணியின் ஷெட்டில் கார்புரேட்டருக்கென்று தனி மேஜை ஒன்று உண்டு. அதில் அவள் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை.

சூலூரைத் தாண்டிப் போகிற பாதையில், தென்னந்தோப்புக்கு நடுவே அந்த ஷெட். மண் டிராக்கில் ஓடும் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும்தான் அங்கே வைத்தியம். கலாமணி ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவள். நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் வாத்தியாரம்மாதான்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் சென்னியப்பன். அவளைவிடவே வயதில் பெரியவர். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து ஆறு வருடமாக இங்கேயே கிடக்கிறார். அடுத்தவன் அபுதாகிர். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். போன ஆடியில்தான் வந்து சேர்ந்தான்.

தை மாதத்தில் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே கலாமணி சொன்னாள்.

"சித்திரையில இருந்து நான் டிராக்குக்குப் போறேன். பொம்பளப் புள்ளைங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கணும். இந்த மேஜையை ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுப்போட்டுத்தான் போவேன்."

சென்னியப்பனுக்கு டீ தேனாக இனித்தது. ஒருத்தர் என்றால் வேறு யார்? மனுஷன் மனதுக்குள் அந்த மேஜையை ஜன்னல் பக்கமாக நகர்த்திப் போட்டும் பார்த்துவிட்டார்.

மறு வாரம் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் சின்ன டர்ட் பைக் ஒன்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மகளுக்காகப் பழசாக வாங்கிய வண்டி. யார் வீட்டுக் கொட்டகையிலோ பல காலம் ஓடாமல் நின்றது. டேங்க்கைத் திறந்தால் பெட்ரோலில் வார்னிஷ் வாடை அடித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல் பந்தயம்.

கலாமணி வண்டியை ஒரு சுற்று பார்த்தாள்.

"அபு, இதை நீ பாரு. மேஜையிலயே வச்சுப் பண்ணு."

சென்னியப்பன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. தானாக விழுந்த மாதிரிதான் இருந்தது.

அன்றைக்கு முழுக்க அவருக்கு வயிறு எரிந்தது. பச்சையாகச் சொன்னால் பொறாமை. அபுதாகிர் கார்புரேட்டரைக் கழற்றினான். உள்ளே பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்த பழைய பெட்ரோலைக் கழுவி எடுத்தான். பெட்ரோல் போகிற ஊசித்துளை கொண்ட பித்தளை ஜெட்டுக்குக் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் துளையைப் பார்த்தான். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே சென்னியப்பன்தான். அதை நினைத்தபோது இன்னும் எரிந்தது. பாவி, விசிலடித்துக்கொண்டு வேறு வேலை பார்த்தான்.

டேங்க்கைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்ததால், அந்த ஷெட்டின் வழக்கப்படி ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் கொடுத்து இன்ஜினை ஓட்டிப் பார்த்தான். வண்டி பிசிறில்லாமல் ஓடியது.

"நல்லாருக்குதுடா" என்றாள் கலாமணி.

ஆறு வருடத்தில் சென்னியப்பனுக்குக் கிடைத்ததெல்லாம் "ம்" மட்டும்தான்.

சாயங்காலம் அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"வாத்தியாரம்மா, அந்த வண்டியை அவனுக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

"பந்தயம் முடியட்டுங்கண்ணா. சொல்றேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வண்டியில் டேங்க்கை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி வைத்துவிட்டு அபுதாகிர் மத்தியானத் தொழுகைக்குப் போனான். கலாமணி உதிரிபாகக் கடைக்குப் போயிருந்தாள். ஷெட்டில் சென்னியப்பனும் வண்டியும் மட்டும்.

கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். சின்ன ஜெட்டை வெளியே எடுத்தார். கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியிலிருந்து நூல் ஒன்றை உருவினார். ஜெட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, காற்றுதான் அடிக்க வேண்டும் என்பது அந்த ஷெட்டில் முதல் நாளே சொல்லும் பாடம். நூல் அகப்பட்டால் போதும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நூலைத் துளைக்குள் திணித்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார்.

தொழுகை முடிந்து அபுதாகிர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான்.

"அண்ணே, பாதி உங்களுக்கு."

"எனக்கு வேண்டாம்."

"அட, சாப்புடுங்கண்ணே."

சாப்பிட்டார். ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

மூன்று மணிக்குக் கலாமணி வந்து கிக்கரை மிதித்தாள். காற்றை அடைக்கிற சோக்கைப் போட்டால் வண்டி பிடித்தது. சோக்கை எடுத்ததும் இருமிவிட்டு அணைந்தது. மறுபடி மிதித்தாள். மறுபடி அணைந்தது.

அபுதாகிரின் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து நல்லா ஓடுச்சுங்களே!"

"சென்னியப்பண்ணா, நீங்க பாருங்க."

இந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும்! சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நேராகக் கிண்ணத்தைக் கழற்றினார். நேராகச் சின்ன ஜெட்டை எடுத்தார். நூலை நகத்தால் இழுத்து உயரப் பிடித்துக் காட்டினார்.

"பனியன் வேஸ்ட்டுல தொடச்சிருக்கான். எத்தன தடவ சொல்லியிருப்பேன்!"

அபுதாகிர் நூலைப் பார்த்தான். அவர் முகத்தையும் பார்த்தான்.

"நான் தொடைக்கலீங்கண்ணே" என்றான்.

கலாமணி நூலை வாங்கிப் பார்த்தாள். "மாட்டுங்கண்ணா. ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

மாட்டினார். கை கழுவிக்கொண்டு வந்து மிதித்தார், ஒரே மிதியில் பிடித்தது. சென்னியப்பன் ராஜா மாதிரி தோப்பைச் சுற்றினார். முதல் சுற்று ஜோராக இருந்தது. அடுத்த சுற்றும் அப்படித்தான். அதற்கடுத்ததில், கிணற்று மேட்டுக்கிட்டே வந்ததும் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது.

மிதித்தார். வரவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மிதித்தார், வந்தது. நாலு தென்னையைத் தாண்டியதும் மறுபடி நின்றது.

வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்து, கிண்ணத்தை மறுபடி கழற்றினார். ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துளை சுத்தமாக இருந்தது. இன்னொரு ஜெட்டையும் பார்த்தார். அதுவும் சுத்தம். எங்கேயாவது ஒரு நூல் இருந்தே தீரவேண்டும் என்று ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்தார்.

ஒன்றும் இல்லை. அவருக்குத் தலைக்கேறிவிட்டது. எழுந்து அபுதாகிரைப் பார்த்துக் கத்தினார்.

"டேய்! நான் கை கழுவப் போனப்ப வண்டியை என்னடா பண்ணுனே?"

"நானா? நான் இங்கயே நிக்கறேனுங்கண்ணே."

"பொய் சொல்லாத. என்னமோ பண்ணியிருக்க."

கலாமணி மெதுவாகக் கேட்டாள். "என்ன பண்ணியிருப்பான்ங்கறீங்க?"

"ஜெட்டுல எதையாச்சும் திணிச்சிருப்பானுங்க. என் பேரைக் கெடுக்கணும்னு!"

"இத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். அப்படி ஒண்ணு பண்ண முடியும்னு எனக்குத் தோணுனதே இல்லீங்கண்ணா" என்றாள் கலாமணி. "உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

தான் சொன்னது இப்போதுதான் சென்னியப்பனின் காதிலேயே விழுந்தது.

அபுதாகிர் குனிந்து, அவர் கழற்றி வைத்திருந்த கிண்ணத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"கிண்ணம் காஞ்சு கெடக்குதுங்களே. மேல இருந்து பெட்ரோலே எறங்கல."

எழுந்து டேங்க் மூடியைத் திருகினான். உஸ் என்று சத்தம் வந்தது. மூடியின் நடுவே, காற்று உள்ளே போவதற்கென்று ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதில் எந்தக் காலத்திலோ குளவி மண் வைத்து மெழுகியிருந்தது.

"தப்பு என் மேலதானுங்க வாத்தியாரம்மா. பாட்டில்ல ஓட்டிப் பாத்துட்டு விட்டுட்டேன். டேங்க்கை வச்சுப் பாக்கவே இல்ல."

"காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் கீழ எறங்கும்" என்றாள் கலாமணி. "குத்தி விட்டுப்போட்டு ஓட்டிப் பாரு."

அபுதாகிர் மண்ணைக் குத்தி எடுத்து, மூடியை ஊதிச் சுத்தம் செய்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தோப்பைச் சுற்றிச் சுற்றி வண்டிச் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை.

ஷெட்டுக்குள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். சென்னியப்பன் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நூலை நான்தானுங்க வச்சேன்."

"தெரியும். ப்ளக்கைக் கழட்டல. டேங்க்குல இருந்து பெட்ரோல் எறங்குதான்னு பாக்கல. நேரா ஜெட்டுக்குப் போனீங்க. அப்படியா நான் சொல்லிக் குடுத்தேன்?"

"அபுவுக்குத் தெரியுமுங்களா?"

"அவன் கையால காத்தடிச்ச ஜெட்டு. அவனுக்குத் தெரியாதா?"

"ஒண்ணுமே சொல்லலையே அவன்."

"ம்."

வெளியே வண்டி இன்னொரு சுற்று வந்தது. சென்னியப்பனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆறு வருசம் இருந்தேனுங்க. நேத்து வந்தவனுக்கு அந்த வண்டியைத் தூக்கிக் குடுத்தீங்களே, அது ஏன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. நான் போயிக்கறேன்."

"மேஜை உங்களுக்குன்னு போன வருசமே முடிவு பண்ணிட்டேன். உங்களுக்குக் கையாளா ஒருத்தன் வேணும்னுதான் ஆடியில அவனைச் சேத்தேன். தேறுவானான்னு பாக்கத்தான் அந்த வண்டியைக் குடுத்தேன்."

சென்னியப்பன் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பங்க?"

"இப்ப மேஜை அவனோடதுங்கண்ணா. அவனுக்குக் கையாள் ஒருத்தர் வேணும். நாளைக்குக் காலையில வர்றீங்களா?"