மண் கரைத்த தண்ணீர்

சதாசிவத்துக்கு ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் சோறு இறங்காது. அப்படி ஒரு ஆள். கோயில் கோயிலாகப் போய்ச் சொற்பொழிவு செய்தவர், கைலாசத்துக்கும் வைகுண்டத்துக்கும் வழி சொன்னவர். அறுபதை நெருங்கும்போது, பேசியது போதும் என்று திலகவதி அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மா அவரைவிட இளையவர். வயதில் சின்னவளிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு ஓட்டு வீடு. புற்றுநோய் முற்றி, இனி மருந்தில்லை என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். வலிக்கு ஊசி போட ஒரு நர்ஸ் இருந்தார். மற்றதற்கு அம்மா.

ஒருநாள் காலையில் சதாசிவம் அம்மாவிடம் வந்து நின்றார்.

"சாகப் போறவங்க கேக்கற கேள்விக்கு என்னங்கம்மா பதில் சொல்றது?"

"என்ன கேட்டாங்க?"

"நாச்சிமுத்து கேட்டாருங்க, செத்தா எங்கே போவேன்னு. ஆன்மாவுக்கு அழிவில்லைன்னு ஆரம்பிச்சு நல்லா விளக்கிச் சொன்னேன்."

"அவரு?"

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களான்னு கேட்டாருங்க. அப்புறம் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவர்தான். யார்கிட்டயும் பேச்சில்லை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சதாசிவத்துக்கு வரவில்லை. மனுஷன் இப்படியே வாய் மூடிப் போய்விடுவாரோ என்று அவருக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. தன் பேச்சுதான் அந்த வாயை மூடியது என்றும் தோன்றியது.

நாச்சிமுத்துக்கு வயிற்றில் நோய். குடியானவர். நர்ஸ் சொன்ன கெடு தாண்டியும் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது. அப்படிக் கிடந்தால், ஏதோ ஒரு ஆசை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பொன்னாசை என்றால் பொன்னை உரசி வாயில் விடுவார்கள். மண்ணாசை என்றால் சொந்தக் காட்டு மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். ஆசை தீர்ந்து உயிர் பிரியுமாம். குடியானவருக்கு வேறென்ன ஆசை இருந்துவிடப் போகிறது? மகன் வேலுச்சாமி ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்து வந்து, டம்ளர் தண்ணீரில் கரைத்து நீட்டினான்.

"அப்பா, ஒண்ணுமில்லீங்க. தை பொறந்தா எந்திரிச்சு நடப்பீங்க. இதைக் கொஞ்சம் குடிங்க."

நாச்சிமுத்து உதட்டை இறுக்கிக்கொண்டார். மகன் கெஞ்சினான். மனைவி பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்து பல்லைத் திறக்கவில்லை.

சதாசிவம் அம்மாவிடம் ஓடினார்.

"வாயைத் திறக்கவே மாட்டேங்கறாருங்க. ஏனா இருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவர்கிட்டக் கேட்டீங்களா?"

ஊரில் இருக்கிற கேள்வியெல்லாம் கேட்கிறவருக்கு அது மட்டும் தோன்றாமல் போனது. இருவருமாகப் போனார்கள். சதாசிவம் கட்டிலருகே குனிந்து கேட்டார்.

"ஏனுங்க, இது வேண்டாமுங்களா?"

நாச்சிமுத்து மெதுவாகத் திரும்பினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"களர் மண்ணுங்க அது. கொள்ளு வெதைச்சாக்கூட மொளைக்காது. ஆயுசு பூரா அதுல மாரடிச்சாச்சு. அதையே வாயில ஊத்தினா எப்படி?"

அம்மா வேலுச்சாமியின் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"ஆமாங்ணா, உப்புக் கரிக்குது."

"ஐயோ அம்மா, அது சாகப் போறவங்களுக்கு..." என்ற வேலுச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நாச்சிமுத்து மகனையே பார்த்தார்.

"ஓகோ. அப்பத் தையில எந்திரிச்சு நடக்கறது யாரப்பா?"

வேலுச்சாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதான். அவன் தலைமேல் கை வைக்க நாச்சிமுத்து முயன்றார். எட்டவில்லை. பாவாத்தாள் அந்தக் கையை எடுத்து மகன் தலைமேல் வைத்தாள்.

"பாவாத்தா, உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்பவே. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுருவீங்கன்னு சொல்லலைங்க."

"எனக்கும் அப்பவே தெரியும். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு நானும் சொல்லலை."

பாவாத்தாள் அழுதுகொண்டே சிரித்தாள். "நல்ல குடும்பமுங்க நம்மது."

கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து அம்மாவைத் தேடினார்.

"அம்மிணி, அங்கே எப்படி இருக்கும்?"

சதாசிவம் காதைத் தீட்டிக்கொண்டார். இதற்காகத்தானே வந்தது. அம்மா என்ன சொல்லப் போகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தார்.

"தெரியாதுங்ணா."

"நெசமாத் தெரியாதா?"

"நெசமாத் தெரியாது. நெனைச்சா எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

நாச்சிமுத்து கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப இங்கயே உக்காருங்க."

அம்மா உட்கார்ந்தார். அன்று முழுக்க நாச்சிமுத்து பேசிக்கொண்டே இருந்தார். பயத்தைச் சொன்னார். தம்பியோடு வாய்க்கால் தகராறில் பேச்சு விட்டதைச் சொன்னார். வேலுச்சாமி வண்டி எடுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவைக் கூட்டி வந்தான். வந்தவர் உட்கார்ந்து அண்ணன் காலை அமுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம், பாவாத்தாள் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாச்சிமுத்துக்கு மூச்சு அடங்கியது.

எல்லாம் முடிந்து அன்று ராத்திரி வீடு ஓய்ந்ததும் சதாசிவம் அம்மாவிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. ஆனால் கேள்வி விடுகிறதா?

"அம்மா, அவரு கேட்டதுக்கு நான் தெரிஞ்சதையெல்லாம் சொன்னேன். வாயை மூடிக்கிட்டாரு. நீங்க தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. அது எப்படி ஆறுதலாச்சு?"

அம்மா கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு முனையைச் சதாசிவத்தின் கையில் கொடுத்தார்.

"எல்லாந் தெரிஞ்சவங்களுக்கு நடுவுல இத்தனை நாளா ஒத்தையாக் கெடந்தாருங்க ஐயா. தெரியாதவங்க நேத்துத்தான் ரெண்டு பேரானோம்."