நரி படுத்து அளந்த வேலி

குளத்தின் மேற்குக் கரையில் செவியன் என்ற முயலும் அதன் மனைவி குறுவாலியும் வளை தோண்டிக் குடியிருந்தன. வளைக்குள் கண் திறக்காத நான்கு குட்டிகள். வெளியே கொஞ்சம் அருகம்புல், கொஞ்சம் சர்க்கரைவள்ளிக் கொடி. போன மழையில் காட்டுப்பன்றிகள் கிழங்குக்காக வந்து வளையையும் சேர்த்துக் கிளறிவிட்டுப் போயிருந்தன. அந்த ஈற்றில் ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை.

இந்த முறை வேலி வைப்பது என்று முடிவாயிற்று.

எதிர்க்கரையில் முட்கிளுவை மரம் ஒன்று நின்றது. செவியன் அதன் குச்சிகளைப் பல்லால் சாய்வாகக் கடித்து இழுத்து வந்தது. கிளுவைக்கு வேர் வேண்டாம். குச்சியை ஊன்றினால் போதும், மழையில் துளிர்த்துவிடும்.

பயந்த முயல் அல்லவா! குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டி ஊன்றியது. நடுவே எறும்பு மட்டும்தான் போகலாம்.

அந்தப் பக்கமாக வந்த நரிக்குப் பகீரென்றது. குட்டிகள் பிறந்தது அதற்குத் தெரியும். இப்போது தின்றால் ஒரு வாய்க்குக் காணாது, மழை முடியட்டும் என்று காத்திருந்தது. இப்படி ஒரு வேலி எழுந்தால் என்ன ஆவது?

“என்ன மாப்பிள்ளை, வேலி வைக்கிறியா, பாய் முடையிறியா?”

“பன்னி வரக் கூடாதில்ல மச்சான்!”

“பன்னியும் வராது, வேலியும் வராது! இப்படி நெருக்கி நட்டா ஒண்ணோட வெயிலை இன்னொண்ணு மறைக்கும். பாதி பட்டுப்போகும். பட்ட குச்சியைப் பன்னி மூக்காலயே தள்ளிட்டு வரும்!”

“அப்போ எவ்வளவு தள்ளி நடணும்?”

“அளவுக்கு நீ எங்க போவ? நானே படுக்கிறேன். இந்த விலாவுக்கு ஒண்ணு, அந்த விலாவுக்கு ஒண்ணு. நடு!”

செவியன் நெருக்கி ஊன்றியதையெல்லாம் பிடுங்கியது. நரி குப்புறப் படுத்தது. செவியன் நட்டது. நரி நகர்ந்து படுத்தது. செவியன் மறுபடி நட்டது. வட்டம் முடிந்தபோது நரிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவ்வளவு வேலையை அது தன் வாழ்நாளில் செய்ததில்லை.

நரி போன பிறகு குறுவாலி வளையிலிருந்து வந்து பார்த்தது.

“இது வேலியா? நரி வாசல்! அதுவும் சுத்திலும்!”

“உங்க அண்ணன் பாவம், நல்ல மனசோட...”

“எனக்கு அண்ணனாம்! இன்னைக்கே பிடுங்குங்க.”

பிடுங்குவதற்கு முன் குறுவாலி ஒரு காரியம் செய்தது. எதிர்க்கரைக்குப் போய்க் கிளுவை மரத்தடியைப் பார்த்தது. அங்கே இளங்கன்றுகள் நெருக்கமாக முளைத்துக் கிடந்தன. ஓரத்தில் நின்றவை பச்சை. நடுவில் நின்றவை சுள்ளி.

திரும்பி வந்து சொன்னது: “பிடுங்க வேண்டாம். அது சொன்னது நிஜம்தான்.”

“அப்போ அது உள்ளே வந்தா?”

“வேலி அடைகிற வரைக்கும் அது வரக் கூடாது. அதை நான் பார்த்துக்கறேன்.”

மழை பிடித்தது. குச்சிகள் துளிர்த்துப் பக்கத்துக்கொரு கிளை விட்டன. குறுவாலி ஒவ்வொரு கிளையையும் வளைத்து, அடுத்த குச்சிக்குப் பின்னால் செருகியது. நரி அடிக்கடி வந்து வெளியே நின்று எட்டிப் பார்க்கும். அதன் காலடி கேட்டதும் குறுவாலி குட்டிகளைத் தேங்கிய மழைநீரில் ஒரு முக்கு முக்கி நிறுத்தும். ரோமம் உடம்போடு ஒட்டி, ஒவ்வொன்றும் அணிலில் பாதிதான் தெரியும்.

“என்ன தங்கச்சி, பிள்ளைங்க எலும்பும் தோலுமா நிக்குது?”

“என்னத்தைச் சொல்ல அண்ணே! தின்கிறது உடம்புல ஒட்ட மாட்டேங்குது.”

“நல்லாத் தீனி போடும்மா!” என்று உண்மையான அக்கறையோடு சொல்லிவிட்டு நரி போகும்.

“குட்டிகளுக்குச் சளி பிடிக்கப்போகுது” என்று செவியன் முணுமுணுக்கும்.

“சளி பிடிச்சா தும்மும். நரி பிடிச்சா?”

மழை விடுவதற்குள் காட்டுப்பன்றி ஒன்று வந்தது. மூக்கை வைத்தது. முள் குத்தியது. உறுமிவிட்டுப் போனது.

பிறகு வெயில் வந்தது. குட்டிகள் காய்ந்தன. நரி பார்த்தபோது புல்லில் நான்கு பந்துகள் உருண்டுகொண்டிருந்தன. அது ஓடிவந்து ஒரு இடைவெளியில் தலையை நுழைத்தது. தலை போயிற்று, தோள் போகவில்லை. பின்வாங்கும்போது காது கிழிந்தது. அடுத்ததில் மூக்கு. இப்படியே வட்டம் முழுவதும் சுற்றி வந்தது.

“அடேய் செவியா! அளவை மாத்தினது யாரு?”

“ஒரு குச்சியையும் நகர்த்தலை மச்சான்! வேணும்னா மறுபடி படுத்துப் பாருங்க!”

“குச்சி குச்சியாவே நிக்கும்னு நினைச்சீங்களா அண்ணே?” என்றது குறுவாலி.

“இடம் விட்டு நடச் சொன்னது நான்! அந்த நன்றிகூட உங்களுக்கு இல்லையா?”

“நிறைய இருக்கு. அங்கேயே நில்லுங்க, இங்கிருந்தே சொல்றேன்.”

நரி நிற்கவில்லை.

கெட்ட எண்ணத்தோடு சொன்னதானாலும் நல்ல யோசனையை ஏற்கலாம்; சொன்னவனைத்தான் உள்ளே விடக் கூடாது.