உடைத்தவர் பெயர்

அயனாவரத்துப் பட்டறையில் செங்கமலத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசையில்:

முதலாவது, மாதிரி ரயில்களின் பயணிகள் பெட்டிகளைக் கழற்றும் வேலை மட்டும் அவளுக்கு. கழற்றிய பெட்டிக்கு, கேட்டவர் கேட்ட வர்ணம் அடிக்கும் வேலை அவளுக்குப் பின் சேர்ந்த எத்திராஜுக்கு.

இரண்டாவது, கண்காட்சியில் அவள் கழற்றிய ஒரு பெட்டிக்குப் பரிசு கிடைத்தபோது அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை.

மூன்றாவது, சபாநடேசன் என்ற வாடிக்கையாளரின் பெட்டியில், மேல்கூட்டை அடித்தட்டோடு பிடித்திருக்கும் ஒரு கொக்கி உடைந்தது. உடைந்த பொருளையும் உடைத்தவர் பெயரையும் எல்லோர் முன்னும் வாசிப்பது அங்கே வழக்கம். அவள் பெயர் வாசிக்கப்பட்டது. அன்று அவள் விடுப்பில் இருந்தாள். மறுக்க ஆளில்லை.

நான்காவது, அவள் தொடுவதானால் இனி பெட்டி தர மாட்டேன் என்றார் சபாநடேசன். மறுநாள் முதல் வர வேண்டாம் என்று மாஸ்டர் தணிகாசலம் அவளிடம் சொல்லிவிட்டார். பட்டறை நடத்துகிறவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

மறுநாள் செங்கமலம் வந்தாள். சபாநடேசன் புதுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“வர வேண்டாம்னு சொன்னேனே?” என்றார் மாஸ்டர்.

“வேலைக்கு வரல. ஒரு கேள்வி இருக்கு. கேட்டுட்டுப் போயிடறேன்.”

“கேளு.”

“அந்தக் கொக்கியை உடைச்சது யாரு மாஸ்டர்?”

எத்திராஜ் சிரித்தான். “அதான் வாசிச்சாச்சே அக்கா.”

“வாசிச்ச வாய் உன்னுது. உன்னைக் கேக்கல.” அவள் மாஸ்டரைப் பார்த்தாள். “கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீத்தா வெட்டி, மேல்கூட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல சொருகித்தான் நான் கழட்டுவேன். கொக்கி தானா விலகும். அந்தப் பெட்டியில ஸ்க்ரூடிரைவர் கீறல் இருந்துச்சு.”

“கீறல் இல்லாத பெட்டி ஏதும்மா?” என்றார் சபாநடேசன்.

மாஸ்டர் எழுந்தார். அலமாரியிலிருந்து தன் சொந்தப் பெட்டியை எடுத்துவந்தார். பலர் விலை கேட்டும் கொடுக்காத பெட்டி.

செங்கமலம் பையிலிருந்து அட்டைக் கீற்றுகளை எடுத்து நீட்டினாள்.

“வேணாம்,” என்றார் மாஸ்டர். “நீ வராத அன்னைக்கு எனக்கு அவசரம். இதையெல்லாம் தேடல.”

ஸ்க்ரூடிரைவரைச் சொருகி நெம்பினார். ‘டிக்’ என்றது. கொக்கி தெறித்து மேசையில் விழுந்தது.

மாஸ்டர் எத்திராஜ் பக்கம் திரும்பினார்.

“என்ன பாக்கறே எத்திராஜ்? வழக்கம்னா வழக்கம்தான். எழுந்து நின்னு வாசி.”

எத்திராஜ் எழுந்தான். “உடைந்தது, கொக்கி ஒன்று.”

“ரெண்டு,” என்றார் மாஸ்டர்.

“கொக்கி இரண்டு. உடைத்தவர்...” அவன் நிறுத்தினான். பார்வை பழக்கத்தில் செங்கமலத்திடம் போனது.

“அவளைப் பாக்காதே. பெட்டி கொண்டுவந்தவருக்குக் கேக்கணும். சத்தமா வாசி.”

“உடைத்தவர், தணிகாசலம்.”