பாக்கி நாற்பத்தொன்பது பங்கு

துறைமுகத் தொழிலாளர் ஓய்வு மன்றத்தார், பழைய சங்கத் தலைவன் நயினாராகிய எனக்கு இழைத்த அநீதிகளை நடந்த வரிசைப்படியே வைக்கிறேன். வரிசை மாறினால் வழக்கு நிற்காது.

முதல் அநீதி. பெரிய வேலைநிறுத்தத்தின்போது, ஓடிக்கொண்டிருந்த கிரேனுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினேன். பேச்சின் பாதியிலேயே கிரேன் தலையைத் தொங்கப்போட்டது. இன்றுவரை நிமிரவில்லை. மன்றத்தின் ஆண்டு மலரில் ‘துருப்பிடித்த கிரேன்’ என்று எழுதினார்கள்.

இரண்டாவது. தடியடியில் என் முதுகில் பட்டு முறிந்த தடிகளை விறகாக்கி, காவல் நிலையத்தில் ஒரு வாரம் வெந்நீர் போட்டார்கள். அன்றைக்கு நான் சலூனில் முகம் மழித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் இவர்கள்தான்.

மூன்றாவது. மைக்கைப் பிடுங்கிக்கொண்டதால் வெறும் தொண்டையில் பேசினேன். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரில் கைதட்டினார்கள். இங்கே இவர்கள் காதிலும் விழுந்தது. இடி என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள்.

நான்காவது அநீதி கப்பல் விஷயத்தில் நடந்தது. அதை மட்டும் விரித்துச் சொல்லவேண்டும்.

வெளிநாட்டுக் கப்பலில் ஃபிட்டராக இருக்கும் என் மருமகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். திறந்தால் ஈர்க்குச்சி மாதிரி பட்டையாகச் சீவிய மரத்துண்டுகள், மீன்முள் மாதிரி விலாக்கட்டைகள், நூல்கண்டு, வெள்ளைத்துணி, கடுகு போடுகிற அளவுக்குப் பித்தளைப் பீரங்கிகள். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் மூன்று பாய்மரம் வைத்த கப்பல் வரும். ரிட்டயர் ஆனவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு என்று கடிதம் வேறு. பொழுதைப் போக்குகிறவனா நான்?

பெட்டியை மன்றத்துக்கு எடுத்துப்போனேன். செயலாளர் இசக்கிராஜ் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன், இங்கிலீஷ் வாசிப்பான். மூடியில் பெரிதாக 1:50 என்று போட்டிருந்ததற்கு அர்த்தம் கேட்டேன். உண்மையான கப்பல் ஐம்பது பங்கு என்றால் இதில் இருப்பது ஒரு பங்கு என்றான்.

“பாக்கி நாற்பத்தொன்பது பங்கு யார் கையில் இருக்கு?” என்றேன்.

“அது கணக்கு, தலைவரே. யார் கையிலும் இல்ல.”

எல்லா முதலாளியும் இதைத்தான் சொன்னான். ஐம்பதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கணக்கு என்பான். அந்த நாற்பத்தொன்பதையும் மீட்காமல் விடுவதில்லை என்று அங்கேயே அறிவித்தேன். கூட்டத்தில் இருந்த லூர்து மோத்தா சிரித்தார். மோத்தா கொழும்புக்குப் பாய்த்தோணி ஓட்டிய தண்டல். தோணிக்கு அவர் வைத்ததுதான் சட்டம். பத்துப் பேர் கொண்ட மன்றத்தில் நான் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கென்றே தினமும் குளித்துவிட்டு வருகிறவர்.

வேலையை ஆரம்பித்தேன். இசக்கிராஜ் ஒவ்வொரு தாளாக வாசித்து, இன்ன பாகம் இன்ன மரம் என்று சொல்லிக்கொண்டு வந்தான். சுக்கானுக்கு வந்ததும் “கருங்காலி” என்றான். காதில் தீ விழுந்தது. வேலைநிறுத்தத்தில் பின்வாசல் வழியாக உள்ளே போய் வேலை பார்த்தவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. கருங்காலிக்கு என் கப்பலில் இடம் கிடையாது என்று அந்தக் கட்டையை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். அது மரத்தின் பெயர், தலைவரே, கறுப்பு மரம் என்று இசக்கிராஜ் கெஞ்சினான். நல்ல மரமாக இருந்தால் அந்தப் பெயரோடு ஏன் இருக்கிறது?

பட்டைகள் வளைய மறுத்தன. அவற்றை நீராவியில் வைத்து வளைக்கவேண்டும் என்று தாளில் போட்டிருந்ததாம். வீட்டுக்காரியின் இட்லிக் கொப்பரையில் அடுக்கினேன். அவள் எட்டிப்பார்த்து, “பலகை வெந்ததும் சொல்லுங்க, சட்னி அரைக்கணும்” என்றாள். வெந்தும் வளையவில்லை. கடைசியில் கொப்பரை முன்னால் உட்கார்ந்து உழைப்பின் மேன்மையைப் பற்றி ஒரு உரை ஆற்றினேன். முதல் பகுதி முடியுமுன்பே பட்டைகள் எல்லாம் வில்லாக வளைந்து, போதும் போதும் என்று விலாக்கட்டைகளில் தாமாகப் போய் ஒட்டிக்கொண்டன.

இதைச் சொன்னபோது மோத்தா, “இதை நம்புதேன் வே. உம்ம பேச்சுக்கு நாங்களே வளைஞ்சுதான கெடக்கோம்” என்றார். ஒரு மரியாதைக்காரனின் ஒப்புதலாக அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது நாற்பத்தொன்பது பங்கு. தினமும் காலையில் கப்பலுக்கு முன்னால் வாயிற்கூட்டம் போட்டேன். உன் உயரம் இதுவல்ல, உன்னைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். கப்பலுக்கு வர்க்க உணர்வு வந்தது. முதல் நாள் முழம். அடுத்த நாள் கட்டில். வாரக் கடைசியில் முன்பக்க அணியம் வாசலுக்கு வெளியே போய், பின்பக்கம் அடுக்களைக்குள் இருந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பு எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போய்விட, அவர்கள் அதில் கொசுவலை கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்காரி பாய்மரக் கயிற்றில் துணி காயப்போட்டாள். மேலே போட்ட துணியை எடுக்க ஆள் ஏறினால் இறங்குவதற்குள் துணி மறுபடி அழுக்காகிவிடும், அவ்வளவு உயரம்.

கப்பல் அந்த வாசலை எப்படித் தாண்டிக் கடலுக்குப் போனது என்று இசக்கிராஜ் கேட்டான். போகவில்லை. உழைத்துக் கட்டியவன் ஏன் கடலைத் தேடிப் போகவேண்டும், கடல்தான் வரவேண்டும் என்று தீர்மானம் போட்டு, ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக் கடற்கரையில் ஒட்டினேன். மறுநாள் கடல் வந்தது. அலை அலையாக, நாலு நாலு பேராக, எங்கள் தெருவுக்குள் ஊர்வலமாக வந்தது. போக்குவரத்துக்கு இடையூறில்லாமல் ஓரமாகவே வந்தது. கப்பல் மிதந்தது, நான் ஏறிக் கொழும்புப் பக்கம் புறப்பட்டேன்.

“நானும் அதே தெருதான். என் கால் நனையலியே” என்றான் இசக்கிராஜ்.

“வேலைநிறுத்தத்தன்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீசுக்குள் இருந்த காலைக் கடல் தொடாது” என்றேன். மன்றம் அவன் காலைப் பார்த்தது. அவன் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

ஆனால் மோத்தா தண்டல். அவரை அப்படி மடக்க முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழில்முறையாகக் கேட்டார். அது சோழகக் காற்றின் காலம், தெற்கே கொழும்புக்குப் போகிறவனுக்கு எதிர்க்காற்று, எப்படிப் போனீர் என்றார்.

“எதிர்ப்பில்தானே நான் வளர்ந்தவன்” என்றேன்.

“சரி. சுக்கானைத்தான் சாக்கடையில போட்டீரே. கப்பலை எப்படிவே திருப்புனீர்?”

நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசினால் அந்தப் பக்கம் அது திரும்பும். என் கப்பல் இடதுபக்கம் மட்டும்தான் திரும்பும். கொள்கை அப்படி. இங்கிருந்து புறப்பட்டு இடது இடதாகத் திரும்பிக்கொண்டே போனால் இலங்கையை முழுச்சுற்றுச் சுற்றி வடக்கு வழியாக வந்துவிடலாம் என்று விளக்கினேன். அவர் விரலால் மேசையில் கடலை வரைந்து பார்த்தார். வழி சரியாக இருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

“சேதுக்கிட்ட தண்ணியே கெடையாது. தரை தட்டும்.”

“தட்டியது. நியாயத்தை எடுத்துச் சொன்னேன். மணல்திட்டு ஒதுங்கிக்கொண்டது. வீட்டுக்காரி அடுப்பில் ஊற்றிய தோசை மறுபக்கம் வேகுமுன் வந்துவிட்டேன். வந்து நான் தின்ற தோசையைப் பூனை தின்றதென்று அவள் இன்னும் சொல்கிறாள். அதற்குள் அவளும் மன்றத்தில் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது.”

மோத்தா எழுந்து நின்று தீர்மானம் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை நயினார் அந்தக் கப்பலை மன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்தபின், தண்டல் லூர்து மோத்தாவாகிய என் வாயால், மன்றத்தார் முன்னிலையில், நயினார் பேச்சு நெசம் என்று வரவேண்டும். வராவிட்டால் நயினார் இனிமேல் இந்தக் கட்டடத்துக்குள் பேசக் கூடாது. தேநீர் வேண்டுமென்றால்கூடக் கையால்தான் காட்டவேண்டும்.

எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. இசக்கிராஜ் இரண்டு கையையும் தூக்கினான்.

தோழர்களே, என்னிடம் இருப்பது தொண்டை ஒன்றுதான். சிறையில் அதைப் பறிக்கவில்லை. கம்பெனி பறிக்கவில்லை. பத்துக் கிழவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பறிக்கப் பார்த்தார்கள். ஞாயிறுவரை நான் வீட்டிலும் பேசவில்லை. வீட்டுக்காரி டாக்டரைக் கூப்பிட்டாள்.

ஞாயிறு மாலை கப்பலைத் துண்டில் பொதிந்து எடுத்துப்போய் மேசைமேல் வைத்தேன். பொதியின் அளவைப் பார்த்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. துண்டை விலக்கினேன். முழ நீளக் கப்பல். இரண்டு பாய்மரம்தான் நின்றது. பசை எல்லா இடத்திலும் வழிந்திருந்தது. சுக்கான் இல்லாமல் இடதுபக்கம் சாய்ந்து கிடந்தது.

“இதுவா வே இலங்கையைச் சுத்துன கப்பல்?”

பெரிய கப்பல் வெளித்துறையில் நிற்கிறது, இது அது போட்ட குட்டி, இன்னும் கண் திறக்கவில்லை என்றேன். மோத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கே, ஒரு தேநீரைக் கையால் கேட்டுக் காட்டுங்கள் என்றான் இசக்கிராஜ்.

சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கப்பலின் பின்பக்கத்தைத் தண்டலிடம் திருப்பினேன். அங்கே ஒரு சின்னத் துணி ஒட்டி மூடியிருந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தோணியின் பெயரை எழுதித் துணியால் மூடிவைப்போம். இருப்பவர்களில் மூத்த தண்டல் துணியை விலக்கி, எல்லார் காதிலும் விழும்படி பெயரை வாசிக்கவேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்தத் தோணிக்கு ஆகாது, வாசித்தவன் தொழிலுக்கும் ஆகாது. மோத்தா தன் வாழ்நாளில் இறக்கிய தோணிகள் எல்லாவற்றுக்கும் அவரே வாசித்தவர்.

“குட்டியானாலும் கப்பல், தண்டலே” என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். தொழில் என்று வந்தால் அவர் விளையாடமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டி, கண்ணாடியை மாட்டினார். மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். துணியை விலக்கினார். எழுத்து ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். எழுத்துக் கூட்டிப் பெரிய குரலில் ஆரம்பித்தார்.

“நயினார்…”

தன் பேரையே போட்டுக்கொண்டான் பார் என்று யாரோ முனகினார்கள். தண்டல் அடுத்த சொல்லுக்குப் போனார்.

“பேச்சு…”

அங்கே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“பாதியில் நிறுத்தலாமா, தண்டலே?” என்றேன், மெதுவாக.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கடற்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார். மன்றத்தார் முன்னிலையில், தோணி இறக்கும் குரலில், கப்பலின் பெயரை முதலிலிருந்து வாசித்தார்:

“நயினார் பேச்சு நெசம்.”