சூடு விழும் இடம்

“அம்மா, இத்தனை வருஷமா வந்து தியானத்துல உட்கார்றேன். உள்ளே ஒரு வெளிச்சமும் வரலை. சூடுதான் வருது. எனக்கு இது ஒத்துவராது. இன்னையோட நிறுத்திக்கிறேன்.”

சொன்னவர் தனுஷ்கோடி. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் எக்ஸ்ரே மெஷின் பழுதுபார்ப்பவர். மெஷினிடம் அவருக்கு இருக்கும் பொறுமையில் பாதி மனுஷர்களிடம் இருந்திருந்தால் மடத்துப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

மடத்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் தனுஷ்கோடிக்கு மகள் மாதிரி. ஆனாலும் அம்மாதான்.

வாசலில், வேப்பமரத்தடியில், தனுஷ்கோடியின் மனைவி செண்பகவல்லி பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“உங்க மெஷின்ல எக்ஸ்ரே எப்படி வருது?” என்று கேட்டார் அம்மா.

தொழிலைப் பற்றிக் கேட்டால் தனுஷ்கோடிக்குக் கோபம் எல்லாம் மறந்துபோகும்.

“ஒரு கண்ணாடிக் குழாய்ம்மா. உள்ளே காத்தே கிடையாது. ஒரு பக்கம் கம்பியைச் சூடாக்கினா எலக்ட்ரான் கிளம்பும். கரண்டு அதை அசுர வேகத்துல இழுத்துட்டுப் போய், எதிர்ல இருக்கிற உலோகத் தட்டுல மோதவிடும். ஓடி வந்தது சட்டுனு நிக்கிற இடத்துல எக்ஸ்ரே பிறக்கும்.”

“மோதுறது அத்தனையும் எக்ஸ்ரேயா?”

“எங்கே? நூத்துல ஒரு பங்கு தேறினா பெரிசு. மிச்சமெல்லாம் சூடு.”

“ஒரு பங்கை வச்சா எலும்பைப் பாக்குறாங்க?”

“அது போதும்மா.”

சொன்ன பிறகுதான் தனுஷ்கோடிக்கு உறைத்தது. பதில் கிடைத்துவிட்டது. முகம் மலர்ந்து, விழுந்து கும்பிடக் குனிந்துவிட்டார். சுலபமாகக் கிடைக்கிற பதில் யாருக்குத்தான் கசக்கும்?

“இருங்கய்யா,” என்றார் அம்மா. “அந்த மிச்சச் சூடு என்ன ஆகுது?”

“தட்டு வாங்கிக்கும். அதுக்குத்தான் தட்டைச் சுத்தவிடுறோம். ஒரே இடத்துல விழக்கூடாது.”

“விழுந்தா?”

“உருகிக் குழி விழுந்துரும். வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.”

“சரி பண்ண முடியாதா?”

“முடியாதும்மா. குழாயோட போச்சு.”

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“இன்னைக்கு உங்க சூடு எங்க விழுந்துச்சு?”

“இவ தண்ணி பாட்டிலை பஸ்லயே விட்டுட்டு இறங்கிட்டா. ரெண்டு வார்த்தை சொன்னேன்.”

“நேத்து?”

“சாம்பார்ல உப்பு…”

“அதுக்கு முந்தி?”

தனுஷ்கோடிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தார்.

அவர் பார்த்ததுமே செண்பகவல்லி பதறி எழுந்தாள். பையைத் திறந்து, எதை மறந்தோம் என்று தேட ஆரம்பித்தாள்.